வாங்கின விலை வரட்டும் என்று காத்திருக்கும் அன்பர்களுக்கு

(பனமரத்துப்பட்டி மொத்த மளிகை வியாபாரி ஒருவர் எழுதுவது)



ஆயுத பூஜைக்குப் பதினைந்து நாள் இருக்கும்போது, ஒரு மாலை நேரம், நம் பகுதியைச் சேர்ந்த சில்லறை வியாபாரி ஒருவர் என் கடைக்கு வந்தார். என்னிடம் பன்னிரண்டு வருடமாகச் சரக்கு எடுப்பவர், நாணயமானவர். இரண்டு பில் பாக்கி நின்றிருந்தது. தீபாவளி முடியும்வரை தவணை கேட்டார். தவணை கொடுப்பதில் எனக்கு ஒன்றும் இல்லை. ஆனால் தீபாவளிச் சரக்குக்கு வெளியில் இரண்டு வட்டிக்கு இரண்டு லட்சம் வாங்கியிருப்பதாகவும் சொன்னார். அதுதான் எனக்கு உறுத்தியது. கைமுதல் எங்கே போயிற்று தம்பி என்று கேட்டேன். கொஞ்சம் தயங்கிவிட்டு, ஷேரில் கிடக்கிறது என்றார்.

3,60,000 ரூபாய் போட்டு வாங்கிய ஷேர் அன்றைய விலைக்கு 1,50,000 ரூபாயாக இருந்தது. எந்தக் கம்பெனி என்பதை இங்கே எழுதப் போவதில்லை, அது நமக்குத் தேவையும் இல்லை. "இதை வித்துட்டு அந்த ரெண்டு வட்டியை அடைக்கக் கூடாதா?" என்று கேட்டேன். அவர் சொன்ன பதில் இதுதான்: "வாங்கின வெல வரட்டுங்கண்ணா. அதுக்கு மேல ஒரு நாள்கூட வெச்சிருக்க மாட்டேன்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. முப்பது வருடத்துக்கு முன்னால் இதே வார்த்தையை நானும் சொன்னவன். அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன். நமது சங்கத்தில் இப்போது பாதிப் பேருக்காவது ஷேர் இருக்கிறது. நாம் வாங்காவிட்டாலும் பிள்ளைகள் செல்போனிலேயே வாங்கிவிடுகிறார்கள். ஆகவே இந்த விஷயத்தைப் பற்றி நாலு வார்த்தை எழுதலாம் என்று துணிந்தேன். அடியேன் பள்ளிப் படிப்போடு நின்றவன். பங்குச் சந்தையில் நிபுணன் அல்ல. ஆனால் விலை இறங்கிய சரக்கை வைப்பதா தள்ளுவதா என்ற கேள்வி நமக்குப் புதிதல்ல. நாற்பது வருடமாகத் தினமும் நான் செய்கிற வேலையே அதுதான்.

புளியை எடுத்துக்கொள்ளுங்கள். மாசி முதல் சித்திரை வரை வரத்து இருக்கும்போது வாங்கிக் கட்டி வைக்கிறோம். குளிர்பதனக் கிடங்கில் வைத்தால் நிறம் நிற்கும், வாடகை உண்டு. சாதாரண குடோனில் வைத்தால் வாடகை மிச்சம், மழைக்காலம் வரும்போது புளி கறுத்துவிடும். இடையில் விலை இறங்கினால் நாம் என்ன செய்கிறோம்? வருகிற வரத்து எப்படி, கர்நாடகத்தில் காய்ப்பு எப்படி, நம் சரக்கின் நிறம் இன்னும் எத்தனை மாதம் தாங்கும், அதுவரை முதலுக்கு வட்டி எவ்வளவு என்று பார்க்கிறோம். வைத்தால் லாபம் என்று தோன்றினால் வைக்கிறோம், இல்லாவிட்டால் கிலோவுக்குப் பத்து ரூபாய் நஷ்டமானாலும் தள்ளிவிட்டு அந்தப் பணத்தை மிளகாயிலோ வெல்லத்திலோ போடுகிறோம். செவ்வாய்ப்பேட்டை லீ பஜாரில் போய் நின்று, "நான் 140-க்கு வாங்கினேன், 140 வந்தால்தான் கொடுப்பேன்" என்று ஒருவன் சொன்னால், பக்கத்து மண்டிக்காரர் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுவார். நாம் எவ்வளவுக்கு வாங்கினோம் என்பது நம் பேரேட்டுக்குத்தான் தெரியும். சந்தைக்கு அது தெரியாது, தெரிந்தாலும் அதற்கு அக்கறை இல்லை.

இன்னொன்றும் உண்டு. மார்ச் 31-ல் இருப்புச் சரக்குக்கு மதிப்புப் போடும்போது அடக்க விலை, சந்தை விலை இரண்டில் எது குறைவோ அதைத்தான் ஆடிட்டர் எழுதச் சொல்கிறார். என் தகப்பனார் ஆடிட்டர் இல்லாத காலத்திலேயே அப்படித்தான் எழுதினார். ஆனால் ஷேர் என்று வந்துவிட்டால் மட்டும் நாம் மனசுக்குள் அடக்க விலையிலேயே மதிப்புப் போட்டு வைத்திருக்கிறோம். அந்தத் தம்பியும் தன்னிடம் 3,60,000 இருப்பதாகவே நினைத்துக்கொண்டிருந்தார். இருந்ததோ 1,50,000.

அவருக்கு ஒரு சீட்டை எடுத்துக் கணக்குப் போட்டுக் காட்டினேன். அவருடைய ஷேர் இறங்கியது நூற்றுக்கு 58. ஆனால் பழைய விலைக்குத் திரும்ப வேண்டுமானால் இன்றைய விலையிலிருந்து நூற்றுக்கு 140 ஏற வேண்டும். இறங்குகிற கணக்கும் ஏறுகிற கணக்கும் ஒன்றல்ல. இதைப் பலர் கவனிப்பதில்லை. வெளியில் வாங்கிய இரண்டு லட்சத்துக்கு மாதம் 4,000 ரூபாய் வட்டி. ஷேரை விற்று ஒன்றரை லட்சத்தை அடைத்தால் மாதம் 1,000 ரூபாய் வட்டியோடு போகும். ஆக, அந்த ஷேரை வைத்திருப்பதற்காக அவர் மாதம் 3,000 ரூபாய், வருடத்துக்கு 36,000 ரூபாய் வாடகை கட்டிக்கொண்டிருக்கிறார். வருடத்துக்கு நூற்றுக்கு 24 ஏறுகிற ஷேராக இருந்தால்தான் அந்த வட்டிக்கே சரியாகும். நஷ்டம் அப்படியே நிற்கும்.

மஞ்சள் வியாபாரிகளுக்கு இது நன்றாகத் தெரியும். 2010-ல் ஈரோட்டில் மஞ்சள் குவிண்டால் 17,000 ரூபாய் அளவுக்குப் போனது. அடுத்த வருடமே சரிந்து 5,000-க்கும் கீழே வந்தது. அந்த விலையைக் கண்ணால் பார்த்துவிட்டவர்கள், மறுபடி வரும் என்று கட்டி வைத்தார்கள். வந்ததா என்றால், வந்தது. 2023, 2024 வாக்கில்தான் அந்த உயரத்தின் பக்கம் வந்தது. பன்னிரண்டு பதின்மூன்று வருடம். நூற்றுக்கு ஒரு வட்டி என்று சாதாரணமாகப் போட்டாலும் 17,000 ரூபாய்க்குப் பன்னிரண்டு வருடத்தில் வட்டி மட்டும் 24,000-க்கு மேல். வண்டு தின்றது தனி. விலை திரும்பினதும் நஷ்டம் சரியாகிவிட்டது என்று யாராவது சொன்னால் அவர் வட்டிக்குப் பணம் வாங்கி வியாபாரம் செய்யாதவராக இருக்க வேண்டும்.

அதுவாவது திரும்பி வந்தது. திரும்பி வராமலே போனதும் உண்டு. நமக்கு எட்டின தூரத்தில், கரூரில் தொடங்கிய லட்சுமி விலாஸ் வங்கியின் கதையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

அந்த வங்கியை 1926-ல் ஆரம்பித்தவர்கள் நம்மைப் போன்ற வியாபாரிகள். வி.எஸ்.என். ராமலிங்கம் செட்டியார் தலைமையில் கரூர் வணிகர்கள் ஏழு பேர் சேர்ந்து தொடங்கினார்கள். ஆகவே கரூர், நாமக்கல், சேலம் பக்கத்து வியாபாரக் குடும்பங்களில் அந்தப் பங்குகளை நகை மாதிரி பீரோவில் வைத்திருந்தவர்கள் உண்டு. நம்ம ஊர் வங்கி என்ற பாசம். 2017-ஆம் வருடக் கடைசியில் உரிமைப் பங்கு வெளியீடு வந்தது. ஏற்கெனவே பங்கு வைத்திருப்பவர்களுக்கு ஒரு பங்கு 122 ரூபாய். பாசத்தோடு அதையும் வாங்கினார்கள்.

அதற்குப் பிறகு நடந்தவை எதுவும் இரகசியமாக நடக்கவில்லை. 2017-18 கணக்கில் 585 கோடி ரூபாய் நஷ்டம். 2018-19-ல் 894 கோடி நஷ்டம். 2019-20-ல் 836 கோடி நஷ்டம். 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி அதைத் திருத்த நடவடிக்கைப் பட்டியலில் வைத்தது, அதாவது இஷ்டத்துக்குக் கடன் கொடுக்கக் கூடாது, கிளை திறக்கக் கூடாது என்று கடிவாளம் போட்டது. அடுத்த மாதம், இந்தியாபுல்ஸ் வீட்டுக் கடன் கம்பெனியோடு இணைகிற திட்டத்துக்கு ரிசர்வ் வங்கி அனுமதி மறுத்தது. 2020 மார்ச்சில் வங்கி கொடுத்திருந்த கடனில் நூற்றுக்கு 25 ரூபாய்க்கு மேல் வாராக் கடன். 2020 செப்டம்பர் பொதுக்கூட்டத்தில் நிர்வாக இயக்குநர் உள்பட ஏழு இயக்குநர்களைப் பங்குதாரர்களே ஓட்டுப் போட்டு வெளியேற்றினார்கள்.

இத்தனையும் பேப்பரில் வந்தது. ஒவ்வொரு செய்திக்கும் விலை ஒரு படி இறங்கிக்கொண்டே வந்து 2020 நவம்பர் 17-ல் பதினைந்து ரூபாய்ச் சொச்சத்தில் நின்றது. 122-க்கு வாங்கியவர் அந்த விலையைப் பார்த்து என்ன நினைத்திருப்பார்? "107 ரூபாய் போயாச்சு, இனி இந்தப் பதினைந்தில் என்ன குறையப் போகிறது, கிடக்கட்டும்" என்றுதான் நினைத்திருப்பார். நான் கேள்விப்பட்டவரை பலரும் அப்படித்தான் சொன்னார்கள். அன்றைக்குச் சாயங்காலம் வங்கியின் மேல் தடை உத்தரவு வந்தது, ஒருவர் 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது என்று. அதற்குள்ளேயே சிங்கப்பூர் டி.பி.எஸ். வங்கியின் இந்தியக் கம்பெனியோடு இணைக்கிற திட்டமும் வெளியானது. அதன் பிறகு தினமும் இறங்கி, கடைசியில் ஏழு ரூபாய்ச் சொச்சத்துக்கு வந்தது. 25-ஆம் தேதி மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. 27-ஆம் தேதி இணைப்பு அமலுக்கு வந்தது. டெபாசிட் போட்டவர்களுக்கு ஒரு ரூபாய்கூட நஷ்டம் இல்லை. பங்கு வைத்திருந்தவர்களுக்குப் பூஜ்யம். பங்கு மூலதனம் முழுவதும் தள்ளுபடி என்று திட்டத்திலேயே எழுதிவிட்டார்கள். மாற்றுப் பங்கும் கிடையாது, ரொக்கமும் கிடையாது. சிலர் நீதிமன்றம் போனார்கள்.

டெபாசிட்காரர் தப்பித்தது ஏன், பங்குக்காரர் மாட்டியது ஏன் என்று நம்மில் சிலருக்கு இன்றும் குழப்பம். ஒரு கடை முழுகினால் முதலில் கடன்காரர்களுக்குத்தான் கொடுக்க வேண்டும், கூட்டாளிக்கு மிச்சம் இருந்தால்தான். டெபாசிட் போட்டவர் வங்கிக்குக் கடன் கொடுத்தவர். பங்கு வாங்கியவர் கூட்டாளி. லாபத்தில் கேட்பவர் நஷ்டத்திலும் நிற்க வேண்டியதுதான்.

இதில் நான் கவனிக்கச் சொல்வது அந்தப் பதினைந்து ரூபாயைத்தான். ஆயிரம் பங்கு வைத்திருந்தவருக்கு அன்றைக்கு அது 15,000 ரூபாய். 1,22,000 போட்ட இடத்தில் 15,000 என்றால் அற்பமாகத் தோன்றும். ஆனால் அதே மனிதர் கல்லாவில் 15,000 குறைந்தால் கடைப் பையன்கள் எல்லோரையும் நிற்க வைத்துக் கேட்பார். ஷேரில் மீதி இருப்பது மட்டும் எப்படிப் பணம் இல்லாமல் போகும்? ஏற்கெனவே போனதோடு ஒப்பிட்டுப் பார்ப்பதால் இருப்பது கண்ணுக்குச் சிறிதாகிவிடுகிறது.

"முழுகாமல் தப்பித்த வங்கியும் உண்டே" என்று ஒரு அன்பர் கேட்டார். உண்டு. யெஸ் வங்கிக்கு 2020 மார்ச் 5-ல் இதே மாதிரி தடை வந்தது. ஸ்டேட் வங்கியும் மற்ற வங்கிகளும் பணம் போட்டுக் காப்பாற்றின. பங்குகளைத் தள்ளுபடி செய்யவில்லை. ஆனால் நூறு பங்குக்கு மேல் வைத்திருந்தவர்கள் நூற்றுக்கு 75 பங்கை மூன்று வருடம் விற்கக் கூடாது என்று பூட்டுப் போட்டார்கள். வைப்பதா விற்பதா என்று யோசிக்கிற உரிமையும் போயிற்று. 2018 ஆகஸ்டில் அந்தப் பங்கு 400 ரூபாய் வரை போனது. 2025-ல் ஜப்பானைச் சேர்ந்த சுமிடோமோ மிட்சுயி வங்கி அதில் பெரிய பங்கு வாங்கியபோது கொடுத்த விலை 21 ரூபாய் 50 பைசா. வங்கி பிழைத்தது, லாபமும் காட்டியது, விலை மட்டும் ஏன் திரும்பவில்லை? காப்பாற்றுவதற்காகப் புதுப் பங்குகளை அச்சடித்துக் கொடுத்தார்கள். 255 கோடிப் பங்குகள் இருந்த இடத்தில் 3,000 கோடிக்கு மேல் ஆகிவிட்டன. நாலு பேர் கூட்டாக நடத்திய கடையில் நாற்பத்தெட்டுப் பேர் கூட்டாளியாகிவிட்டால், கடை நன்றாக ஓடினாலும் பழைய நாலு பேருக்குப் பழைய பங்கு எப்படி வரும்? கம்பெனி பிழைக்குமா என்பது ஒரு கேள்வி, நம் விலை வருமா என்பது வேறு கேள்வி. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொண்டுதான் பலர் காத்திருக்கிறார்கள்.

இப்படிச் சொல்வதால் இறங்கினதை எல்லாம் உடனே விற்றுத் தள்ளுங்கள் என்று சொல்வதாக நினைக்க வேண்டாம். அதுவும் தப்பு. 2020 மார்ச் 23-ல் கொரோனா பயத்தில் சென்செக்ஸ் 26,000-க்குக் கீழே வந்தது. இரண்டு மாதத்துக்கு முன் 42,000-ஐத் தொட்டது அது. அன்றைக்குப் பயந்து நல்ல கம்பெனிப் பங்குகளை விற்றவர்கள் இன்றும் வருத்தப்படுகிறார்கள். அதே வருடம் நவம்பரில், கரூர் வங்கிக்குத் தடை வந்த அதே வாரத்தில், சென்செக்ஸ் முதன்முறையாக 44,000-ஐத் தொட்டது. ஊரெல்லாம் மழை பெய்து குளம் நிரம்பியபோது உடைந்த குளம் மட்டும் நிரம்பவில்லை.

2009 ஜனவரி 7-ல் சத்யம் கம்பெனியின் தலைவர் கணக்கே பொய் என்று எழுதிக் கொடுத்தார். 179 ரூபாய்க்குப் பக்கத்தில் இருந்த பங்கு ஒரே நாளில் 40-க்கு வந்தது. ஏப்ரலில் டெக் மஹிந்திரா 58 ரூபாய் விலையில் கம்பெனியைக் கைக்கொண்டது, 2013-ல் சத்யத்தின் 17 பங்குக்குத் தன்னுடைய 2 பங்கு கொடுத்து இணைத்துக்கொண்டது. அங்கே கணக்குத்தான் புழுத்திருந்தது. வேலை தெரிந்த ஆட்கள் இருந்தார்கள், வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் நின்றார்கள். அரசு சில நாட்களிலேயே பழைய நிர்வாகக் குழுவைக் கலைத்துப் புதுக் குழு போட்டது. ஆகவே பங்கும் முழுக்கச் செத்துப்போகவில்லை. எல்லாச் சரக்கும் விலை இறங்கினால் அது மார்க்கெட் மந்தம், காத்திருக்கலாம். நம் மூட்டை மட்டும் இறங்கினால் குத்தூசி போட்டுப் பார்க்க வேண்டும். நாம் நெல்லுக்கும் பருப்புக்கும் செய்வது இதைத்தான்.

குத்தூசி எது என்று கேட்பீர்கள். நமக்குப் பங்குச் சந்தை மொழி தெரிய வேண்டியதில்லை. கடனுக்குச் சரக்கு எடுக்கிற கடைக்காரர் ஒருவர் முழுகப் போகிறார் என்பதை நாம் எப்படிக் கண்டுபிடிக்கிறோம்? செக் தேதியைத் தள்ளிப் போடச் சொல்வார். நம் கடை வழியாக வராமல் அடுத்த தெருவில் போவார். கணக்குப்பிள்ளை சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடுவார். கம்பெனிகளும் அப்படித்தான். காலாண்டுக் கணக்கைச் சொன்ன தேதியில் வெளியிடாது. ஆடிட்டர் நடுவருடத்தில் விலகுவார். இயக்குநர்கள் ஒவ்வொருவராக "சொந்தக் காரணங்களுக்காக" ராஜினாமா செய்வார்கள். முதலாளிகள் தங்கள் பங்குகளையே அடமானம் வைத்திருப்பார்கள். விற்பனை ஏறாமல் கடன் மட்டும் ஏறும். இவற்றில் இரண்டு மூன்று சேர்ந்து தெரிந்தால், அப்படிப்பட்ட ஆளுக்கு நாம் அடுத்த மூட்டை கடன் கொடுப்போமா? கொடுக்க மாட்டோம். பிறகு அவருடைய கடையில் கூட்டாளியாக மட்டும் எப்படி உட்கார்ந்திருப்பது?

இந்தச் சின்னம் எதுவும் தெரியவில்லை, ஆனாலும் விலை இறங்கியிருக்கிறது என்றால், நான் என்னையே கேட்டுக்கொள்வது ஒன்றுதான். இன்றைக்கு இந்தப் பணம் ரொக்கமாக என் கல்லாவில் இருந்தால், இதே ஷேரை, இதே விலைக்கு வாங்குவேனா? வாங்குவேன் என்றால் வைத்துக்கொள்வேன். வாங்க மாட்டேன் என்றால், வைத்திருப்பது தினமும் காலையில் அதை மறுபடி வாங்குவதற்குச் சமம். அந்தத் தம்பியிடம் இதைக் கேட்டேன். "ஒன்றரை லட்சம் ரொக்கம் கையில் இருந்தால் என்ன பண்ணுவே?" என்றேன். யோசிக்காமல், "எண்ணெய் டின்னுல போடுவேங்கண்ணா" என்றார். சொல்லிவிட்டு அவரே கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

இப்போது என் கதை. 1994-ல் புதுப் பங்கு வெளியீடுகள் மழையாகக் கொட்டிய காலம். சேலத்தில் தரகர் ஆபீஸ் வாசலில் விண்ணப்பப் படிவங்கள் கட்டுக்கட்டாகக் கிடக்கும். நான் ஒரு நூற்பாலைக் கம்பெனியின் பங்கு 500 வாங்கினேன். முகமதிப்பு 10, பிரீமியம் 20, ஆக 30 ரூபாய். மொத்தம் 15,000. மார்க்கெட்டுக்கு வந்ததும் 42 போனது. ஐம்பது ஆகட்டும் என்று இருந்தேன். இறங்கி 22-க்கு வந்தபோது தரகர் விற்கச் சொன்னார். "முப்பது வந்தால் கொடுத்துவிடுகிறேன்" என்றேன். 9-க்கு வந்தது. பிறகு 6-க்கு வந்தபோது நான் செய்த காரியம்தான் பெரிய காரியம். இன்னொரு 500 பங்கு வாங்கினேன். சராசரி 18 ஆகிவிட்டதாம், இனிப் பதினெட்டு வந்தால் போதுமாம். கெட்ட புளியின் மேல் இன்னும் நாலு மூட்டை கெட்ட புளியை ஏற்றி, சராசரி விலை குறைந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டவன் நான். இரண்டு ரூபாய்க்கு வந்தது, அப்புறம் மார்க்கெட்டில் பெயரே வரவில்லை. ஆலையைப் பூட்டிவிட்டார்கள்.

ஏன் 22-ல் விற்கவில்லை என்று பல தடவை யோசித்திருக்கிறேன். கம்பெனி மேல் நம்பிக்கை இருந்தது என்று சொன்னால் அது பொய். அந்தக் கம்பெனியின் ஒரு வருட அறிக்கையைக்கூட நான் பிரித்துப் பார்த்ததில்லை. விற்றால் வீட்டில் சொல்ல வேண்டும். என் தகப்பனார் வேண்டாம் என்று சொல்லியும் வாங்கியது அது. விற்காத வரைக்கும் "கிடக்கிறது" என்று சொல்லிக்கொள்ளலாம், விற்றுவிட்டால் "தோற்றுவிட்டேன்" என்று சொல்ல வேண்டும். தகப்பனாருக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. திட்டவில்லை. "கணக்குல எழுதாட்டி நஷ்டம் இல்லேன்னு நெனச்சிட்டயா?" என்று மட்டும் கேட்டார். எட்டு ரூபாய் நஷ்டத்தில் போயிருக்க வேண்டியது முழுசாகப் போனது, ரூபாய்க்காக அல்ல, கௌரவத்துக்காக.

அதனால்தான் இந்த விஷயத்தைத் தனியாக உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டாம் என்று சொல்கிறேன். வீட்டுக்காரியிடமோ, மகனிடமோ, பக்கத்துக் கடைக்காரரிடமோ பட்ட நஷ்டத்தை வாய்விட்டுச் சொல்லிவிட்டால், பாதிப் பாரம் அங்கேயே இறங்கிவிடும். அதற்குப் பிறகு கணக்குக் கணக்காகத் தெரியும்.

வருமான வரி விஷயமும் ஒன்று இருக்கிறது. ஷேரை விற்று வந்த நஷ்டத்தைக் கடை லாபத்தில் கழிக்க முடியாது. ஆனால் வேறு ஷேர், மனை விற்று மூலதன லாபம் வந்திருந்தால் அதில் கழிக்கலாம். ஒரு வருடத்துக்கு மேல் வைத்திருந்த ஷேரின் நஷ்டம் நீண்டகால லாபத்தில் மட்டும்தான் கழியும். குறுகிய கால நஷ்டம் இரண்டிலும் கழியும். கழித்தது போக மீதியை எட்டு வருடம் வரை முன்னெடுத்துச் செல்லலாம், ரிட்டர்னைக் கெடு தேதிக்குள் போட்டிருந்தால். இந்த வருடம் இடம் விற்றவர் யாராவது இருந்தால், நஷ்ட ஷேரையும் சேர்த்து ஆடிட்டரிடம் மார்ச்சுக்கு முன்பே பேசிவிடுவது நல்லது. ஏப்ரலில் போய்ப் பேசிப் பிரயோஜனம் இல்லை. விற்காத ஷேரின் நஷ்டத்தை எந்த ஆடிட்டராலும் கழிக்க முடியாது.

முழுசாக விற்க மனம் வராதவர்களுக்குப் பாதி விற்பது கேவலம் அல்ல. மிளகாயில் நாம் அதைத்தான் செய்கிறோம். குண்டூர் வரத்து எப்படி வருமோ என்று சந்தேகம் இருந்தால் பாதியைத் தள்ளிப் பாதியை வைக்கிறோம். ஏறினால் பாதி லாபம், இறங்கினால் பாதி நஷ்டம், இராத்திரி தூக்கமாவது வரும். வைக்கிற பாதிக்கு மட்டும் ஒரு விலையும் ஒரு தேதியும் எழுதி வைக்க வேண்டும். இந்த விலைக்குக் கீழே போனாலோ, அடுத்த இரண்டு காலாண்டுக் கணக்கு இப்படி வந்தாலோ, யோசிக்காமல் விற்பது என்று. அதை மனசில் வைத்தால் நாளுக்கு ஒரு விதமாக மாறும். பேரேட்டில் எழுதினால் மாறாது.

நம் ஊர்க்காரர்களுக்குக் காத்திருப்பதில் பழக்கம் அதிகம். சேலத்துக்கே குடிதண்ணீர் கொடுத்த பனமரத்துப்பட்டி ஏரி வருடக்கணக்காக வறண்டு, சீமைக் கருவேலம் முளைத்துக் கிடந்ததைப் பார்த்தவர்கள் நாம். அடுத்த மழைக்கு நிரம்பும் என்று சொன்னவர்கள் எல்லாம் ஏரியின் நடுவில் நின்று அதைச் சொன்னார்கள். ஆனால் அரளி போட்ட விவசாயி ஏரியை நம்பி உட்காரவில்லை. இருக்கிற கிணற்றுத் தண்ணீருக்கு எது வருமோ அதைப் போட்டார், தினமும் பறித்துச் சேலம் பூ மார்க்கெட்டுக்கு அனுப்பினார்.

அந்தத் தம்பி ஒரு வாரம் கழித்து வந்தார். பாதி ஷேரை விற்று 74,000 ரூபாய் கைக்கு வந்ததாகச் சொன்னார். வட்டிக்காரருக்கு 50,000 கொடுத்துவிட்டு, என் பில்லில் ஒன்றை அடைத்தார். மீதி ஷேரை என்ன செய்யப் போகிறாய் என்று நான் கேட்கவில்லை. அவரே சிட்டாவின் கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். ஒரு விலையும், தை மாதத்தில் ஒரு தேதியும் எழுதியிருந்தது. பக்கத்தில் அவருடைய வீட்டம்மாளின் கையெழுத்தும் இருந்தது. அது என் யோசனை அல்ல.

ஆயுத பூஜைக்கு இரும்புப் பெட்டியைத் துடைத்தபோது என் நூற்பாலைப் பங்குப் பத்திரங்கள் கைக்கு வந்தன. கெட்டித் தாள், மூலையில் மில்லின் படம், இன்றும் பளபளப்பு மாறவில்லை. 2019 ஏப்ரல் முதல் காகிதப் பங்குகளை டீமேட் ஆக்காமல் பெயர் மாற்றக்கூட முடியாது. கம்பெனியே இல்லாதபோது டீமேட் எங்கே போய்ச் செய்வது! இதற்கும் சந்தனம் குங்குமம் வைக்கட்டுமா என்று என் மனைவி கேட்டாள். வை என்றேன்.